நற்சான்றுச் சபையும் உறங்காத அட்டையும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் கடைக்கோடியில், உப்புக்காற்றினால் நிறம் உரிந்த கட்டடமொன்றில் நற்சான்றுச் சபை இயங்கி வருகின்றது. கப்பலில் தொழிலுக்கு ஏறுவோரும், கடல்கடந்து பணிபுரியச் செல்வோரும், அவர்களுடன் கூடிச் செல்லும் கணவன்மாரும் மனைவிமாரும் ‘இவர் நம்பத்தக்கவர்’ என்னும் தாளொன்றை இச்சபையிடமிருந்தே பெற்றாக வேண்டும். பிறரை நம்பலாம் என்று எழுதிக் கொடுப்பது சபையின் தொழில். தன் கூரையின்கீழ் உள்ள எவரையும் நம்பாதிருப்பது அதன் மரபு.

அம்மரபு வாசலிலேயே தொடங்கிவிடும். உள்ளே வருபவர் வாசற் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிடும் பேனை நூலினால் மேசையுடன் பிணைக்கப்பட்டிருக்கும். நூலை எவரேனும் அவிழ்த்துவிடக்கூடும் என்பதனால் முடிச்சின்மேல் அரக்கு முத்திரை வைக்கப்பட்டிருக்கும். அலுவலர்கள் காலையில் சோற்றுப்பொதியைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போவார்கள். மாலையில் வெறும் பொதியைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வருவார்கள். சோறு எங்கே போயிற்று என்று விசாரித்த காவலரும் ஒரு காலத்தில் இருந்தார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இத்தகைய சபையில் பிறெடி கொறேரா கணினி அலுவலராகக் கடமையாற்றினார். கொட்டாஞ்சேனைக்காரர். பிறர்மீது ஐயம் கொள்ளும் பழக்கம் அவருக்கு இயல்பிலேயே இல்லை; அக்குறைபாடு அவருடைய வருடாந்த மதிப்பீட்டில் ஆண்டுதோறும் சுட்டிக்காட்டப்பட்டு வந்தது.

அவருடைய மனைவி பிறிஜெற் பொரளையில் தனியார் வைத்தியசாலையொன்றில் தாதியாக இருந்தார். அவ்வாண்டு அவருக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. கணவரையும் அழைத்துச் செல்லலாம்; ஆனால் மாத முடிவுக்குள் கணவரின் நற்சான்று சமர்ப்பிக்கப்பட வேண்டும். தவறினால் மனைவி தனியே செல்ல வேண்டியதுதான். அந்தச் சான்றை வழங்கும் அதிகாரம் உலகில் ஒரேயோர் இடத்துக்குத்தான் உண்டு. அவ்விடத்தில்தான் பிறெடி வேலை செய்தார்.

“எங்கட ஒஃபிஸ்தானே பிறிஜெற். ரெண்டு நாளில கைக்கு வந்திரும்” என்றார் பிறெடி.

“உங்கட ஒஃபிஸ் எண்டதாலதான் எனக்குப் பயம்” என்றார் பிறிஜெற்.

விண்ணப்பம் கொடுக்கப்பட்ட அதே வாரத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

சபையின் சான்றுகள் யாவும் கீழ்த்தளத்து அறையொன்றில் உள்ள சேவையகத்திலிருந்தே பிறக்கின்றன. அச்சேவையகம் கோடையில் ஒரு முறையும், மழையில் ஒரு முறையும், காரணமின்றிப் பல முறையும் உறைந்து நின்றுவிடும் இயல்புடையது. ஆனால் அதன் வயிற்றினுள் முகாமைத்துவ அட்டை என்னும் சிறிய பலகை ஒன்று உண்டு. பெரிய வீட்டின் வாசலிலே தனி விளக்கும் தனித் தொலைபேசியும் உள்ள காவலர் கூண்டை ஒத்தது அது. வீடு முழுவதும் உறங்கினாலும் கூண்டில் ஆள் விழித்திருப்பார். தனக்கென ஒரு கம்பி, தனக்கென ஒரு முகவரி. அம்முகவரியை அறிந்தவர், கடவுச்சொல்லையும் அறிந்தவராயின், எங்கிருந்தும் அதனை அழைத்து, கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டி, உறைந்த சேவையகத்தின் மின்னை நிறுத்தி மீண்டும் கொடுக்கலாம். சேவையகத்தை வாங்குமுன் விடுத்த கேள்விப்பத்திரத்தில் இவ்வசதி வேண்டுமென்று வற்புறுத்தியதும் சபைதான். அந்தப் பக்கத்தை எவரும் வாசித்ததில்லை என்பதை மட்டும் இங்கே கூறிவைப்போம்.

ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பிய பிறெடிக்குச் சேவையகம் நின்றுவிட்டதாகக் கைப்பேசியில் தகவல் வந்தது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தார். வரியைத் தட்டினார். சேவையகம் எழுந்தது. பிறிஜெற் குசினியிலிருந்து கறிச்சட்டியுடன் வருவதற்குள் மடிக்கணினி மூடப்பட்டுவிட்டது.

திங்கட்கிழமை, கண்காணிப்பு அத்தியட்சகர் குகனேசன் அவரை அழைத்தார்.

குகனேசன் சபையின் உள்ளே நடப்பவற்றைச் சந்தேகிப்பதற்கென்றே சம்பளம் பெறுபவர். வாரந்தோறும் சேவையகத்தின் பாவனைக் குறிப்புகளையும் வாசற் பதிவேட்டையும் அருகருகே விரித்து, இரண்டும் பொருந்தும் இடங்களில் சிவப்பு மையினால் சரியிடுவது அவருடைய தலையாய கடமை. சேவையகத்தில் ஒருவர் வேலை செய்திருந்தால் வாசலில் அவருடைய ஒப்பம் இருந்தாக வேண்டும். இதுவரை இருந்தும் வந்தது.

“இருங்கோ பிறெடி. ஞாயிற்றுக்கிழமை எங்கை நிண்டனீங்கள்?”

“வீட்டில சேர். கொட்டாஞ்சேனையில.”

“சேர்வர் சொல்லுது, நீங்கள் தன்னோடை நிண்டனீங்கள் எண்டு.”

“ஓம் சேர். வீட்டில இருந்துகொண்டுதான்.”

“அப்ப ரெண்டு இடத்திலையும் நிண்டனீங்கள். நீங்கள் வேதக்காரர், உங்களுக்குத் தெரியும், அப்பிடி நிக்கிறவை புனிதர்மார் மட்டும்தான் எண்டு. அவையள் ஆரும் எங்கடை சம்பளப் பட்டியல்லை இல்லை.”

பிறெடி அட்டையைப் பற்றி விளக்கினார். காவலர் கூண்டு என்ற உவமையையும் கூறினார். குகனேசன் கடைசிவரை பொறுமையாகச் செவிமடுத்துவிட்டு, வாசற் காவலர் நப்ரீஸை அழைப்பித்தார்.

“நப்ரீஸ், ஞாயிற்றுக்கிழமை இவர் வந்தவரோ?”

“அல்லாவே இல்ல சேர். ஒத்தரும் வரல்ல. ஒரு பூன மட்டும் வந்திச்சி. அதயும் தொரத்திட்டேன்.”

“பூனையைப் பதிஞ்சனீரோ?”

“பதிஞ்சீக்கி சேர். நேரம் போட்டு, நெறமும் எழுதியீக்கி.”

குகனேசன் பிறெடியின் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களோ? பூனை பதிவிலை இருக்கு. நீங்கள் இல்லை. உங்கள் ரெண்டு பேரிலையும் ஆர் நேர்மையானவர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.”

அன்று பிற்பகலே சேவையக அறை பரிசோதிக்கப்பட்டது. கடற்பக்கச் சாளரத்தின் விளிம்பில், எவரோ அவ்வழியே ஏறி வந்ததற்குத் தடயமாக, மணல் காணப்பட்டது. அக்கட்டடத்தில் மணல் காணப்படாத விளிம்பே கிடையாது. எனினும் மற்ற விளிம்புகள் விசாரணைக்கு உட்பட்டவையல்ல என்பதனால் அவை பார்க்கப்படவில்லை. பிறெடியின் விண்ணப்பத்தின்மேல் ‘விசாரணை நிலுவையில்’ என்ற சிவப்பு முத்திரை விழுந்தது. விசாரணை நிலுவையில் உள்ளவருக்குச் சபை சான்று வழங்குவதில்லை.

வீட்டில் பிறிஜெற் இதை முழுவதும் கேட்டார். பின்னர், “நீங்க உண்மையா வீட்டிலதானே இருந்தீங்க?” என்றார்.

“பிறிஜெற்! நீங்கதானே சோறு போட்டது!”

“சோறு போட்டது ஞாபகம். அதுக்கு முதல் நான் குசினியில எல்லோ நிண்டன்?”

அன்றிலிருந்து பிறெடி வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைத் திருப்பி, அடியில் மணல் உண்டா என்று பார்க்கத் தொடங்கினார். ஓரிரு முறை இருக்கவும் செய்தது.

அடுத்த வாரம் சபையின் தலைவரான தவிசாளர் இவ்விடயத்தைத் தம் கையில் எடுத்தார். தவிசாளர் சுற்றறிக்கை எழுதும் மொழியிலேயே பேசுபவர். வீட்டிலும் அப்படித்தான் என்று அலுவலர்கள் நம்பினர். உத்தியோகத்தர்களை மண்டபத்தில் கூட்டி அவர் ஆற்றிய உரை பின்வருமாறு:

“நான் எவரையும் சந்தேகிப்பவன் அல்லன். சந்தேகிப்பதற்கென ஒரு பிரிவை நிறுவி, அப்பிரிவையும் சந்தேகிப்பதற்கென இன்னொருவரை நியமித்திருக்கிறேன். ஆகவே என் மனம் தூய்மையாக இருக்கிறது. பிறெடி அவர்கள் தொலைவிலிருந்து வேலை செய்ததாகக் கூறுகிறார். நாம் தொலைவுக்கு எதிரானவர்கள் அல்லர். ஒழுங்குக்கு ஆதரவானவர்கள். இன்றுமுதல் தொலைவிலிருந்து சேவையகத்தை அணுக விரும்புபவர், முதலில் இங்கு வந்து வாசலில் ஒப்பமிட வேண்டும். அதன்பின் தொலைவுக்குச் செல்லலாம். வேலை முடிந்ததும் இங்கு வந்து, வெளியேறியதாக ஒப்பமிட வேண்டும். ஹரி, சரிதானே?”

கைதட்டல் எழுந்தது. தட்டாதவர்களைக் குகனேசன் குறித்துக்கொண்டார்.

அவ்விதி நடைமுறைக்கு வர அதிக நாள் செல்லவில்லை. ஒரு முற்பகலில், பிறெடி தமது மேசையில் அமர்ந்திருக்கும்போதே, சேவையகம் நின்றது. அவர் எழுந்து கீழே அறைக்குச் செல்ல முற்பட்டார். குகனேசன் படிக்கட்டில் மறித்தார்.

“எங்கை போறீங்கள்?”

“பட்டனை அமத்தி எழுப்பிவிடப் போறன் சேர்.”

“அறைக்குள்ளை போக உங்களுக்கு இப்ப அனுமதி இல்லை. விசாரணை நடக்குது. தூரத்திலையிருந்து செய்யத்தான் அனுமதி.”

“அப்ப என்ட மேசையில இருந்து செய்யட்டா?”

“மேசை தூரமோ? தூரம் எண்டால் தூரம் இருக்கவேணும். பேப்பரிலை கொட்டாஞ்சேனை எண்டு கிடக்கு.”

பிறெடி வாசலில் ஒப்பமிட்டார். காலை முதல் சான்றுக்காகக் காத்து நின்றவர்களின் வரிசை ஒழுங்கை வழியே காலி வீதியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வத்தளையிலிருந்து வந்த முதியவர் ஒருவர் அவருடைய கையைப் பற்றினார்.

“மகன், சேர்வர் எங்க இருக்கு?”

“உள்ளதான் அங்கிள்.”

“அப்ப நீங்க எங்க போறீங்க?”

“அதை எழுப்பத்தான் அங்கிள். கொட்டாஞ்சேனைக்கு.”

முதியவர் பற்றிய கையை மெல்ல விட்டுவிட்டு, தமது சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிறெடி பஸ் ஏறிப் புறக்கோட்டையில் மாறிக் கொட்டாஞ்சேனை சேர்ந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு வரியைத் தட்டி, மடிக்கணினியை மூடி, மறுபடியும் பஸ் ஏறி வந்து வெளியேறியதாக ஒப்பமிட்டபோது வரிசையில் இருந்தவர்கள் வீடு சென்றிருந்தனர். குகனேசன் சிவப்பு மையினால் சரியிட்டார். எல்லாம் பொருந்தியிருந்தது. அந்நாளைச் சபை தனது வரலாற்றில் மிக ஒழுங்கான நாளாகப் பதிவுசெய்தது.

எனினும் தவிசாளரின் உள்ளத்தை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. சேவையகம் அணைந்து கிடக்கையில் அதனுள் விழித்திருப்பது யார்? தனி முகவரி வைத்திருக்கிறது. ஆளடையாள இலக்கம் இல்லை. சபையின் மின்சாரத்தை உண்கிறது. சபையின் பதிவேட்டில் ஒருநாளும் ஒப்பமிட்டதில்லை. அன்றியும், வெளியிலிருந்து எவரோ அழைத்தால் மறுமொழி சொல்கிறது. இவ்வாறான ஒருவரை மனிதராகக் கண்டிருந்தால் சபை என்ன செய்திருக்கும்? நற்சான்று விண்ணப்பம் ஒன்றை நிரப்பச் சொல்லியிருக்கும். அதையே செய்தார்கள். அட்டையின் பெயரில் விண்ணப்பம் நிரப்பப்பட்டது. தந்தையின் பெயர் என்ற இடத்தில் உற்பத்தி நிறுவனத்தின் பெயரும், மதம் என்ற இடத்தில் ஒரு கோடும் இடப்பட்டன. நேர்முக விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது.

விசாரணையில் அட்டையின் சார்பில் பேசப் பிறெடியே மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்பட்டார். இதற்கென அவருக்கு விசேட அனுமதியுடன் மண்டபத்தில் ஒரு நாற்காலி தரப்பட்டது. நாற்காலியின் பின்னால் நப்ரீஸ் நின்றார்.

“பேர் என்ன எண்டு கேளுங்கோ” என்றார் குகனேசன்.

பிறெடி தட்டினார். திரையில் நீண்ட தொடர் இலக்கம் ஒன்று வந்தது.

“சொந்தப் பேரைச் சொல்லுதில்லை” என்று குகனேசன் எழுதிக்கொண்டார். “ஆருக்காக வேலை செய்யிறாய் எண்டு கேளுங்கோ.”

“சேர், அதுக்கு ஒரு கட்டளை இல்ல. இதிட்ட சூடு கேக்கலாம், விசிறி சுத்துதா எண்டு கேக்கலாம், கரண்ட் இருக்கா எண்டு கேக்கலாம். அவ்வளவுதான்.”

“இருக்கிறதைக் கேளுங்கோ. பதிலை நாங்கள் விளங்கிக்கொள்ளுவம்.”

பிறெடி தட்டினார். வெப்பநிலை சாதாரணம், விசிறிகள் சீராகச் சுழல்கின்றன, மின் உண்டு என்று அட்டை கூறியது. தவிசாளர் முன்னால் சாய்ந்தார். அவருடைய முகத்தில் முன்னெப்போதும் காணப்படாத கனிவு தோன்றியது.

“கவனியுங்கள். கேட்டதற்கு மட்டும் விடை. கேள்விக்கு எதிர்க்கேள்வி இல்லை. விடுமுறை கோரவில்லை. உறவினர் இல்லை. தொழிற்சங்கம் இல்லை. பொய் உரைப்பவனுக்கு உடல் சுடும்; இதற்கோ வெப்பநிலை சாதாரணம். முப்பதாண்டு சேவையில் நான் இத்தகைய உத்தியோகத்தரைக் கண்டதில்லை.”

“அப்ப குற்றம் ஆரிலை சேர்?” என்றார் குகனேசன் சற்று ஏமாற்றத்துடன்.

“ஏவப்பட்டவரில் குற்றம் இல்லை. ஏவியவரில் இருக்கிறது” என்ற தவிசாளர், பிறெடியை நோக்கி மிகுந்த மரியாதையுடன் தலையசைத்தார்.

அட்டையின் விண்ணப்பம் பரிந்துரைக்கப்பட்டது. அதனை வெளியுலகோடு இணைத்த நீலக் கம்பி சாட்சிப்பொருள் என்ற வகையில் கழற்றப்பட்டு, உறையிலிடப்பட்டு, அரக்கினால் முத்திரையிடப்பட்டது. யாரும் இரகசியமாகத் தொடக்கூடாது என்பதனால் சேவையகத்தின் முன் உள்ள மின் பொத்தானின்மீதும் அரக்கு ஊற்றப்பட்டது. பொத்தானின் முத்திரையை உடைக்க வேண்டுமாயின் அனுமதி இலக்கம் தேவை. அவ்விலக்கத்தைச் சேவையகமே வழங்கும். இவ்வேற்பாட்டை முன்மொழிந்தபோது குகனேசனுக்கே மெய் சிலிர்த்தது.

மாதத்தின் கடைசி வேலை நாளன்று சேவையகம் நின்றது.

பிறெடி அன்று விடுமுறையில் வீட்டில் இருந்தார். அறையின் நடுவே பிறிஜெற்றின் பெட்டி திறந்து கிடந்தது. அதன் ஒரு பாதியில் பிறிஜெற்றின் குளிர் உடுப்புகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மறுபாதி வெறுமையாக இருந்தது. அதில் எதை வைப்பது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளவத்தையிலோ வரிசை காலி வீதியைத் தொட்டுவிட்டது. அன்று மாலை புறப்படும் கப்பலொன்றின் மாலுமிகள் கூச்சலிட்டனர். பொத்தானை அழுத்தலாமெனில் அரக்கை உடைக்க வேண்டும். உடைக்க அனுமதி இலக்கம் வேண்டும். இலக்கம் வழங்கச் சேவையகம் எழ வேண்டும். கம்பியைப் பொருத்தலாமெனில் அது சாட்சிப்பொருள்; விசாரணைக்கன்றி உறையைத் திறத்தலாகாது. திடீரெனத் தவிசாளரின் முகம் மலர்ந்தது.

“விசாரணைக்கன்றித் திறத்தலாகாது. ஆகவே விசாரணை செய்வோம். குற்றம் புரிந்தவர், புரிந்த இடத்திலேயே, புரிந்த விதத்தை நடித்துக் காட்டட்டும். குற்றத்தைத் தத்ரூபமாக நடிப்பதாயின் சாட்சிப்பொருளும் உரிய இடத்தில் பொருத்தப்பட வேண்டும் அல்லவா?”

நப்ரீஸ் உறையுடன் சேவையக அறையில் நிறுத்தப்பட்டார். விசாரணைக் குழு முழுவதும் சபையின் வான் வண்டியில் ஏறிக் கொட்டாஞ்சேனையை அடைந்தது.

பிறெடியின் முன்னறை சிறியது. குழுவினர் கதிரைகளிலும், பெட்டியின் விளிம்பிலும், தையல் இயந்திரத்தின் மூடியிலும் அமர்ந்தனர். பிறிஜெற் தேநீர் கொண்டுவந்தார். குகனேசன் தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் குடிக்கும்வரை காத்திருந்தார்.

“சம்பவ தினத்திலை எப்பிடி இருந்ததோ அப்பிடியே இருக்கவேணும்” என்றார் அவர். “மிஸிஸ் கொறேரா, நீங்கள் அண்டைக்கு எங்கை நிண்டனீங்கள்?”

“குசினியில.”

“அப்ப குசினிக்குப் போங்கோ.”

“அண்டைக்குக் கோழிக்கறி காச்சினன். அதுக்கும் கோழி வாங்கித் தருவீங்களா?” என்று கேட்டுவிட்டுப் பிறிஜெற் குசினி வாசலுக்கு நகர்ந்தார், உள்ளே போகவில்லை.

கைப்பேசியில் நப்ரீஸின் குரல் கேட்டது. “சேர், ஒறய ஒடச்சிட்டேன். வயர எந்த ஓட்டயில குத்தோணும்?”

“மத்ததுகளை விட்டுத் தனியா ஒரு ஓட்டை இருக்கும் நப்ரீஸ். அதில” என்றார் பிறெடி.

“குத்திட்டேன் சேர். பச்ச லைட் ஒண்டு கண்ணடிக்கிது.”

“உங்களுக்கா?” என்று குகனேசன் கூர்மையாகக் கேட்டார்.

பிறெடி சாப்பாட்டு மேசையில் அமர்ந்து வரியைத் தட்டினார். இறுதி விசை மட்டும் எஞ்சியிருந்தது. அதன்மேல் விரலை வைத்தவர், அழுத்தாமல் நிமிர்ந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஒரு மனிதரின் முகத்தைச் சந்தேகத்துடன் உற்றுப் பார்த்தார். அம்முகம் தவிசாளருடையது.

“சேர், இது எழும்பினா என்ட சான்று? இண்டைக்குத்தான் கடைசி நாள்.”

“சேவையகம் எழுந்ததும் முதலாவதாக உங்கள் விண்ணப்பமே எடுக்கப்படும். இது தவிசாளரின் வாக்கு.”

“எடுக்கிறதெண்டா என்ன சேர்?” என்று குசினி வாசலிலிருந்து பிறிஜெற் கேட்டார். “குடுக்கிறதா?”

“எடுக்கப்படும்” என்றார் தவிசாளர்.

பிறெடி மனைவியைப் பார்த்தார். அவர் வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தார். ஆயினும், அழுத்தாவிட்டால் சான்று வராது என்பது உறுதி. அழுத்தினால் வராது என்பது ஐயம் மட்டுமே. ஐயத்துக்கும் உறுதிக்கும் இடையில் நின்ற அந்த நல்ல மனிதர் விசையை அழுத்தினார்.

வெள்ளவத்தையில் விசிறிகள் சுழலத் தொடங்கிய ஓசை நப்ரீஸின் கைப்பேசி வழியாகக் கொட்டாஞ்சேனைக்குக் கேட்டது. குழுவினர் எழுந்து நின்று கைதட்டினர். ஒருவர் குற்றவாளியின் முதுகில் தட்டிக் கொடுத்தார். குற்றம் இவ்வளவு விரைவாகவும் சுத்தமாகவும் புரியப்பட்டதை அவர்களில் எவரும் முன்னர் கண்டதில்லை.

தவிசாளர் வாக்குத் தவறவில்லை. மடிக்கணினியிலேயே பிறெடியின் விண்ணப்பம் முதலாவதாக எடுக்கப்பட்டது. ‘விசாரணை நிலுவையில்’ என்று சேவையகம் கூறியது.

“அப்ப விசாரணைய இப்ப முடிச்சிருங்க சேர்” என்றார் பிறிஜெற், குசினி வாசலைத் தாண்டி வந்து. “எல்லாரும் இங்கதானே இருக்கிறீங்க.”

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மணி, நிலைமையைச் சிந்தியுங்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டது எனின் இவரைப் பணியிலிருந்து நீக்க வேண்டும். நீக்கினால் அடுத்த முறை நடித்துக் காட்டுபவர் யார்? நிரூபிக்கப்படவில்லை எனின் வழக்கே இல்லை. வழக்கு இல்லாதவிடத்து உறையைத் திறப்பது எங்ஙனம்? இவர் குற்றவாளியாவதும் சபைக்கு நட்டம், நிரபராதியாவதும் நட்டம். இவ்வாறே இருப்பதுதான் பொதுமக்களுக்கு நன்மை. ஆகவே, சேவையகம் அடுத்த முறை நின்றுபோகும் நாள்வரை இவ்விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது. குற்றம் நிகழ்ந்த இடம் இது என்பதனால், அதுவரை இவர் வீடு மாறுதலும் ஆகாது. தேநீர் நன்றாக இருந்தது.”

அதேவேளை வெள்ளவத்தையில் தேங்கிக் கிடந்த சான்றுகள் ஒவ்வொன்றாக அச்சாகத் தொடங்கியிருந்தன. நப்ரீஸ் கைப்பேசியில் முதலாவதை வாசித்துக் காட்டினார்.

“சேர், ஒரு சேர்ட்டிபிகட் வந்தீக்கி. பேரில்ல, நம்பர் மட்டும்தான். ‘மேற்படி நபர் கடமை தவறாதவர், உறக்கம் கொள்ளாதவர், வினவியதற்கு உண்மையே உரைப்பவர். உலகின் எந்நாட்டுக்கும் செல்லத் தகுதி வாய்ந்தவர்.’ தவிசாளர் சைன் வச்சீக்கி.”

அது அட்டைக்கு வழங்கப்பட்ட நற்சான்று.

பிறிஜெற் தனியே புறப்பட்டார். பெட்டியின் வெறுமையான பாதியில் பிறெடி மிளகாய்த்தூளும் கருவாடும் வைத்து நிரப்பினார்.

அதன்பின் சேவையகம் நிற்கும்போதெல்லாம் சபையின் வான் வண்டி வந்துகொண்டிருந்தது. குழுவினருக்கு அவரவர் கதிரைகள் பழகிவிட்டன. பிறெடி தேநீர் தயாரிப்பார், உறை உடைக்கப்படும், குற்றம் நடித்துக் காட்டப்படும், கைதட்டல் எழும், கம்பி கழற்றப்பட்டுப் புதிய உறையில் இடப்படும். கொட்டாஞ்சேனைச் சனங்கள் அந்த வீட்டில் செபக்கூட்டம் நடப்பதாக எண்ணிக்கொண்டார்கள்.

அப்படியொரு நாளில், குழுவினர் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், அயர்லாந்திலிருந்து பிறிஜெற் அழைத்தார். பிறெடியின் கைகள் விசைப்பலகையில் இருந்தமையால் கைப்பேசி ஒலிபெருக்கியில் வைக்கப்பட்டிருந்தது.

“சான்று வந்ததா பிறெடி?”

“இன்னும் இல்ல. ஒத்திவச்சிருக்கு.”

மறுமுனையில் மழை பெய்யும் ஓசை கேட்டது. பின்னர் பிறிஜெற் பெருமூச்சுடன் சொன்னார்: “இங்க தனிய இருக்க ஏலாது பிறெடி. உங்களை விடமாட்டாங்க எண்டா, அந்தக் கார்ட்டையாவது கழட்டி அனுப்பச் சொல்லுங்க. அதுக்கெண்டாலும் சான்று இருக்குத்தானே.”

பிறெடி சிரித்தார். பல மாதங்களுக்குப் பின் அவருக்கு வந்த முதற் சிரிப்பு அது. சிரித்து முடித்துக் குழுவின் பக்கம் திரும்பினார்.

குகனேசன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, புதிய தாளொன்றை விரித்து, சிவப்பு மையில், ‘சபையின் உத்தியோகத்தர் ஒருவரை நாட்டைவிட்டுக் கடத்தச் சதி’ என்று தலைப்பிட்டுக்கொண்டிருந்தார்.